நேரம் தவறாத வணிகர்

வாடிக்கையாளரை ஒரு முறை கவர்வது எளிது. ஆயுள் முழுவதும் தக்கவைப்பதே அரிது. இவ்வுண்மையைத் தமது வாழ்வால் மெய்ப்பித்தவர் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி.சுந்தரம் ஐயங்கார்.

1877ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த அவர், சட்டத்துறையிலும் பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். நிலையான உத்தியோகத்தை உதறிவிட்டு, 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் சேவையைத் தொடங்கினார். மாட்டுவண்டியே கதியென்றிருந்த கிராமத்தவர்க்கு மோட்டார் வண்டி அன்று புதுமை. புதுமையை நம்பிக்கையாக மாற்றுவதே அவர் முன்னிருந்த சவாலாகும்.

ஆட்கள் நிரம்பும்வரை வண்டியை நிறுத்தி வைத்தால் உரிமையாளருக்கு ஆதாயம். காத்திருப்பவருக்கோ பொழுது வீண். சுந்தரம் ஐயங்கார் பயணியின் பொழுதையே பெரிதெனக் கொண்டார். அவரது பஸ் வருவதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்தனர் என்று இன்றும் சொல்லப்படுவதுண்டு. மாட்டு இலாடங்களிலிருந்து உதிரும் ஆணிகள் சக்கரங்களைப் பதம்பார்த்தபோது, அவற்றை அகற்றக் காந்தத்தைப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் அருகியபோது, கரியிலிருந்து வாயு பெறும் கருவியைத் தயாரித்து வண்டிகளை ஓடச் செய்தார். இடர் வந்த வேளையிலும் மக்களைக் கைவிடாமையே அவர் தேடிய முதல் எனலாம்.

1955இல் அவர் மறைந்தார். தமிழகத்தில் பஸ் சேவைகள் பின்னர் அரசுடைமையாயின. எனினும் அவர் பெயரின் முதலெழுத்துகள் மீதான நம்பிக்கை அழியவில்லை. வண்டிகள் கைமாறலாம்; நன்மதிப்பு கைமாறுவதில்லை.

பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிக்குடிக்குச் சென்றுவரும் பழுகாமத்து மக்களுக்கு, நேரத்துக்கு வரும் ஒரு பஸ்ஸின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. வண்டி பிந்தினால் நோயாளிக்கு மருத்துவமும் நாட்கூலியாளருக்கு அன்றைய உழைப்பும் தவறிப்போகின்றன. படுவான்கரையின் சிறு கடைகளுக்கும் இது பொருந்தும். பட்டினத்துப் பெருங்கடைகளுடன் விலையில் போட்டியிட அவற்றால் இயலாது. ஆனால், அறுவடை வரை பொறுத்துக் கடன் தரும் கடைக்காரர், கணக்கில் நேர்மையும் நிறையில் சுத்தமும் காப்பாராயின், அவரை விட்டு வாடிக்கையாளர் எளிதில் விலகமாட்டார்.

இன்முகம் வேண்டியதே. ஆயினும் சொன்ன சொல் தவறாமையின்றி இன்முகம் நிலைக்காது. மக்களின் பொழுதையும் பணத்தையும் தமதெனக் கருதிக் காப்பவரையே மக்களும் தம்மவராகக் கருதுவர். எம்மவர் இதனை மனங்கொள்வது நன்று.