நிற்கும் மரத்தின் கணக்கு

நாட்டு வருமானக் கணக்கைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். காட்டில் நிற்கும் மரத்துக்கு அக்கணக்கில் இடமில்லை. வெட்டப்பட்டு வீடாகும்போதுதான் அது மதிப்புப் பெறுகிறது. இக்குறையை எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் தாவர சேகரிப்பாளர் எர்னஸ்ட் ஹென்றி வில்சன்.

1876-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் பிறந்த வில்சன், இளம் வயதிலேயே தோட்டப் பணியாளரானார். 1899-இல் வீட்ச் என்னும் நாற்றுப்பண்ணை நிறுவனம் அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. கிளையெங்கும் வெண்புறாக்கள் அமர்ந்திருப்பதுபோலப் பூக்கும் டேவிடியா மரத்தின் விதைகளைக் கொண்டுவருவதே அவருக்கு இடப்பட்ட பணி. அம்மரத்தை முன்பே கண்டிருந்த அகஸ்டின் ஹென்றியை யுன்னானில் சந்தித்து, அவர் வரைந்து தந்த சிறு வரைபடத்தை நம்பி நெடுந்தொலைவு சென்றார். 1900 ஏப்ரலில் அங்கே அவர் கண்டது ஓர் அடிக்கட்டையை; அருகில் அம்மரத்தைக் கொண்டு கட்டிய வீடு. மனம் தளராமல் தேடியவர், அடுத்த மாதமே வேறோரிடத்தில் பூத்து நின்ற டேவிடியாவைக் கண்டார்.

நாற்றுப்பண்ணைக்கு வேண்டியது விதை. அதற்குச் சந்தை இருந்தது. பின்னர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அர்னால்டு மரப்பூங்கா அவரைச் சீனாவுக்கு அனுப்பியபோது, அதன் இயக்குநர் சார்லஸ் ஸ்பிரேக் சார்ஜென்ட் புகைப்படங்களும் வேண்டும் என்று வலியுறுத்தினார். சாண்டர்சன் கேமராவும், மூன்றுகால் தாங்கியும், கனத்த கண்ணாடித் தகடுகளும் மலைப்பாதைகளில் பயணித்தன. தகடு உடைந்தால் அந்தக் காட்சியும் போயிற்று.

அவருடைய படங்கள் பலவற்றில் பெருமரத்தின் அடியில் ஒரு மனிதர் அளவுகோலாக நிற்கிறார். மனிதர்களையே மையமாகக் கொண்ட படங்களும் உண்டு. 1908 ஜூலையில் எடுத்த படத்தில், திபெத்துக்குத் தேயிலைக் கட்டிகளைச் சுமந்து செல்லும் இருவர் நிற்கின்றனர். ஒருவர் முதுகில் 317 பவுண்டு, மற்றவர் முதுகில் 298 பவுண்டு என எடையையும் வில்சன் குறித்து வைத்தார். கூலி உழைப்பு குறித்து நான் பார்த்த எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் அந்த முதுகுகள் அளவுக்குப் பேசியதில்லை.

1910-இல் ரீகல் லில்லிக் கிழங்குகளுக்காக மின் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் சென்றபோது நிலச்சரிவில் சிக்கி அவருடைய கால் முறிந்தது. கேமராவின் மூன்றுகால் தாங்கியையே காலுக்கு அணைகொடுத்துக் கட்டினர். அந்தக் குறுகிய பாதையில் வந்த சுமார் 50 கோவேறு கழுதைகள், கிடந்தவரை ஒவ்வொன்றாகத் தாண்டிச் சென்றன. ஒரு குளம்பும் அவர்மேல் படவில்லை. உயிர் பிழைத்த அவர் வாழ்நாள் முழுவதும் காலைச் சாய்த்தே நடந்தார்.

அவரைப் போற்றும்போது ஒன்றை மறைக்கலாகாது. அப்பள்ளத்தாக்கிலிருந்து 6,000-க்கும் மேற்பட்ட லில்லிக் கிழங்குகள் தோண்டி அனுப்பப்பட்டன. அழகும் வணிகமும் மேலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றன. மலைவாழ் மக்களுக்கு எஞ்சியது கூலி மட்டுமே. ஆயினும் எந்தச் சந்தையும் விலை வைக்காத அந்தக் கண்ணாடித் தகடுகள் வேறொரு பயன் தந்தன. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சீன ஆய்வாளர்கள் அவர் நின்ற இடங்களைத் தேடிச் சென்று மீண்டும் படமெடுத்தனர். எது அழிந்தது, எது தழைத்தது என ஒப்பிட அவருடைய படங்களே ஆதாரமாயின. பழைய இருப்பு தெரியாமல் இழப்பைக் கணக்கிட முடியாது என்பது பொருளியலின் பாலபாடம்.

1914-இல் ஜப்பானின் யாகுஷிமா தீவில், என்றோ வெட்டப்பட்ட ஒரு மாபெரும் சீடர் மரத்தின் அடிக்கட்டையை அவர் ஆராய்ந்தார். அது இன்று வில்சன் அடிக்கட்டை என்றே அழைக்கப்படுகிறது. மலைச்சரிவில் தப்பியவர், 1930 அக்டோபரில் அமெரிக்காவில் நேர்ந்த கார் விபத்தில் மனைவியுடன் உயிரிழந்தார்.

சீனாவில் ஓர் அடிக்கட்டையின் முன் ஏமாந்து நின்றவரின் பெயரை ஜப்பானில் ஓர் அடிக்கட்டை தாங்கி நிற்கிறது. வெட்டிய மரத்தை வரவில் எழுதப் பழகிவிட்ட நாம், நிற்கும் மரத்தையும் பதிவு செய்யப் பழக வேண்டும். அது வெட்டப்படும் நாளில், இழந்தது என்னவென்றாவது நமக்குத் தெரியட்டும்.