தொண்டிற் சிறந்த செரெசோல்

பிற நாடுகளைக் காணும் ஆவல் மக்கட்கு இயல்பு. மலையும் கடலும் மாட மாளிகைகளும் கண்டு மகிழ்ந்து மீள்வோர் பலர். தாம் சென்ற நாட்டின் சிற்றூரில் தங்கி, அங்கு வாழும் ஏழை மக்களோடு மண்வெட்டி பிடித்து உழைத்து, அவ்வுழைப்பின் வாயிலாகவே அந்நாட்டை அறிந்து வருவோர் மிகச் சிலர். அச்சிலரை ஒன்று திரட்டி, அவர்தம் பணியை ஓர் உலக இயக்கமாக வளர்த்தவர் பியேர் செரெசோல் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆவார்.

செரெசோல் 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் லோசான் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் 1873-இல் அந்நாட்டின் தலைவராக விளங்கியவர். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த குடியில் தோன்றிய செரெசோல், சூரிச் நகரில் பொறியியல் பயின்று தேர்ந்தார். உயர்ந்த பதவிகள் அவரை எதிர்நோக்கி நின்றன. அவரோ 1910-இல் உலகைக் காணப் புறப்பட்டார். அமெரிக்காவிலும் ஹவாய்த் தீவுகளிலும் ஜப்பானிலும் நான்காண்டுகள் வாழ்ந்தார். தந்தையார் தேடிய பொருளைச் செலவிட்டு ஊர் சுற்றும் செல்வப் பிள்ளையாக அவர் செல்லவில்லை. சென்ற இடங்களில் கிடைத்த வேலையைச் செய்து, அதனால் வந்த ஊதியத்தைக் கொண்டே வாழ்ந்தார். உழைப்பவர் தோளோடு தோள் நின்றால் மொழியும் நாடும் வேறாயினும் உள்ளங்கள் நெருங்கும் என்பதை அப்பயணம் அவருக்கு உணர்த்தியது.

1914-இல் அவர் தாய்நாடு திரும்பிய வேளையில் முதல் உலகப் போர் மூண்டது. தந்தை வழி வந்த செல்வம் தம் உழைப்பால் வந்ததன்று என்று கருதி அதனை அரசினர்க்கே அளித்துவிட்டார். படைக்குச் செல்லாதோர் செலுத்த வேண்டிய வரியையும் கட்ட மறுத்தார். அதனால் சிறை புகுந்தார். பின்னரும் பலமுறை அவர் சிறை செல்ல நேர்ந்தது. எனினும் மறுப்பதோடு நின்றுவிடுவது அவருக்கு நிறைவு தரவில்லை. போர்வீரன் நாட்டுக்காகத் துன்பம் ஏற்கிறான். போரை வெறுப்பவன் அதற்கு ஈடாக எத்துன்பத்தை ஏற்கிறான் என்னும் வினா அவர் நெஞ்சை வருத்தியது.

அதற்கு விடை காணும் முதல் முயற்சி பிரெஞ்சு நாட்டில் நிகழ்ந்தது. 1916-இல் கடும் போர் நடந்த வெர்தூன் நகருக்கு அருகில் எஸ்னே என்னும் சிற்றூர் உண்டு. பீரங்கிக் குண்டுகளால் அவ்வூர் தரைமட்டமாகியிருந்தது. 1920-ஆம் ஆண்டின் இறுதியில் செரெசோல் ஒரு சிறு குழுவுடன் அங்குச் சென்றார். இரண்டாண்டுகட்கு முன் ஒருவரை ஒருவர் கொன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள் அக்குழுவில் ஒன்றாக இருந்தனர், ஜெர்மானியரும் இருந்தனர். அவர்கள் குண்டு விழுந்த பள்ளங்களைத் தூர்த்தனர், சாலையைச் செப்பனிட்டனர், வீடிழந்தோர்க்கு மரத்தால் குடில்கள் அமைத்தனர். ஆயினும் பகைமையின் புண் ஆறவில்லை. ஜெர்மானியர் அவ்விடத்தை விட்டு அகல வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினர். தோழரைப் பிரிந்து பணி செய்ய உடன்படாமல் குழுவினர் அனைவரும் 1921-இல் வெளியேறினர்.

முதல் முயற்சி இங்ஙனம் முடிந்தும் செரெசோல் தளரவில்லை. 1924-இல் சுவிட்சர்லாந்தின் மலையூர் ஒன்று பனிச்சரிவால் அழிவுற்றபோது மீண்டும் தொண்டர்களைத் திரட்டினார். அப்பணியில் அவருக்குத் துணை நின்ற தமையனார் எர்னஸ்டு, படையில் கர்னல் பதவி வகித்தவர்! படைவரி கட்ட மறுத்தவரும் படைத்தலைவரும் ஒரே பணியில் இணைந்து நின்றது அவ்விருவர்க்கும் பெருமை தருவதே.

1927-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரைன் ஆறு கரையை உடைத்து லீச்டென்ஸ்டைன் என்னும் சின்னஞ்சிறு நாட்டின் வயல்களில் பாய்ந்தது. வெள்ளம் வடிந்தபின் விளைநிலம் முழுவதும் மணலும் சரளைக் கல்லுமாகக் கிடந்தது. அந்நாட்டு உழவர்கள் தம் கைகளால் மட்டும் அதனை அகற்ற இயலாது. அடுத்த ஆண்டு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட தொண்டர்கள் அங்கு வந்து கூடினர். மாணவரும் ஆசிரியரும் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். ஊதியம் இல்லை, உணவும் உறைவிடமும் மட்டுமே உண்டு. ஆல்ப்சு மலையின் அழகைக் காண அயல்நாட்டார் பெரும்பொருள் செலவிட்டு வரும் பகுதி அது. இத்தொண்டர்களோ அம்மலையின் அடியில் கல்லும் மணலும் சுமந்தனர். ஓய்வு நேரத்தில் மலையையும் கண்டனர். ஊர் மக்களின் நட்பையும் பெற்றனர். பின்னர் 1931-இல் வேல்ஸ் நாட்டின் பிரின்மார் என்னும் ஊரில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வேலையிழந்து வாடிய மக்களுடன் சேர்ந்து, பாழ்நிலத்தைத் திருத்திப் பூங்காவும் நீச்சல் குளமும் அமைத்தனர்.

அதே 1931-இன் இறுதியில் காந்தியடிகள் சுவிட்சர்லாந்துக்குச் சென்றபோது செரெசோல் அவரைக் கண்டு அளவளாவினார். மூன்றாண்டுகளுக்குள் அவரே இந்தியாவுக்கு வர நேர்ந்தது. 1934-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள் பீகாரில் பெரு நிலநடுக்கம் நேர்ந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டெழுந்தன, கிணறுகள் தூர்ந்தன, வயல்கள் மணல்மூடிப் போயின. நிலமட்டம் மாறியதால் முன்பு வெள்ளம் காணாத ஊர்களிலும் ஆற்றுநீர் புகுந்தது. இடிந்த வீட்டை அதே இடத்தில் கட்டுவதால் பயனில்லை. ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்ற வேண்டும் என்னும் நிலை பல சிற்றூர்களில் ஏற்பட்டது.

செய்தி அறிந்த செரெசோல் அவ்வாண்டே பீகாரை அடைந்தார். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். பின்னர்த் தோழர் சிலருடன் முசபர்பூர்ப் பகுதியில் தங்கி, 1937 வரை புதிய ஊர்களை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். ஆங்கில அரசினர் ஒருபுறமும், இராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் துயர் துடைத்த தேசியத் தொண்டர்கள் மறுபுறமும் நின்ற காலம் அது. செரெசோல் இரு சாராரின் உதவியையும் நாடினார். அங்ஙனம் எழுந்த ஊர்களுள் ஒன்றுக்குச் சாந்திபூர் என்று பெயர் வழங்கலாயிற்று. ஐரோப்பியர் அதிகாரிகளாகவும் முதலாளிகளாகவுமே இந்நாட்டில் காணப்பட்ட அந்நாளில், வெயிலில் நின்று உழவரோடு மண் சுமந்த ஐரோப்பியரைக் காண்பது அரிதிலும் அரிது. அயலார் இருவர் மூவர் சுமக்கும் மண்ணால் ஓர் ஊர் எழுந்துவிடாது என்பதைச் செரெசோல் நன்கு அறிவார். எனினும் ஆளும் இனத்தான், ஆளப்படும் இனத்தான் என்னும் வேற்றுமை, மண்கூடையின் முன் நில்லாது என்பதை அவர் செயலில் காட்டினார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவர் முதுமை எய்தியிருந்தார். அந்நிலையிலும் ஜெர்மானிய மக்களிடம் நேரில் சென்று பேச விரும்பி, இசைவுச் சீட்டின்றி எல்லையைக் கடந்தார். அதன் பொருட்டு மீண்டும் சிறை புகுந்தார். போர் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே அக்டோபர்த் திங்கள் 23-ஆம் நாள் இயற்கை எய்தினார். படைப்பணிக்கு மாற்றாகப் பொதுப்பணி செய்யும் உரிமை வேண்டி அவர் இளமை தொட்டு வாதாடினார். சுவிட்சர்லாந்தில் அவ்வுரிமைக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 1996-ஆம் ஆண்டில்தான்.