மானிப்பாயில் ஒரு தமிழ் மெடிக்கல் காலேஜ்

போன செமஸ்டர் என்.எஸ்.எஸ். கேம்ப்புக்காக அழகர்கோவில் பக்கத்துல ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். தோட்டத்து மோட்டார் ரூமைக் காட்டி ஒரு தாத்தா என்கிட்ட ஒண்ணு கேட்டார். மூணு பேஸ்ல ஒண்ணு போயிட்டா மோட்டார் ஏன் உறுமுது, காயில் ஏன் கருகுது? நான் இ.இ.இ. ஃபைனல் இயர். பதில் தெரியும், எக்ஸாம்ல எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம், அதனால தமிழ்ல வாயே வரல. பக்கத்துல நின்ன காயில் கட்டுற அண்ணன் ரெண்டே வாக்கியத்துல சொல்லி முடிச்சிட்டார். அன்னைக்கு ராத்திரி கேம்ப்ல படுத்துக்கிட்டு, டெக்னிக்கல் படிப்பைத் தமிழ்ல யாராவது நடத்தியிருக்காங்களான்னு தேடினப்போ கிடைச்ச ஆள்தான் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

அவர் தமிழர் இல்லை. 1822ல அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துல, வூஸ்டர்ல பிறந்தவர். நியூயார்க் சென்ட்ரல் பார்க் உருவானதுல பெரிய பங்கு வகிச்ச ஆண்ட்ரூ கிறீன் இவரோட அண்ணன். தம்பி நியூயார்க்ல மருத்துவம் படிச்சு முடிச்சு, 1847ல யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். அமெரிக்க மிஷன் அனுப்பின டாக்டர் அவர். மதம் பரப்புறதும் அவர் வேலைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அதே யாழ்ப்பாண மிஷன்ல இருந்துதான் 1834ல நம்ம மதுரைக்கும் ஆள் வந்தாங்க.

1848ல மானிப்பாய்ல ஆஸ்பத்திரி, கூடவே உள்ளூர்ப் பையன்களுக்கு மருத்துவ வகுப்பு. முதல்ல பாடம் இங்கிலீஷ்லதான் நடந்தது. இங்கதான் கதை சுவாரசியமாகுது. இங்கிலீஷ்ல படிச்ச டாக்டர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க வேலை தேடி வெளியூர் போயிடுறாங்க, கிராமத்துல யாரும் தங்கல. கேம்பஸ் பிளேஸ்மென்ட் முடிஞ்சதும் பெங்களூர் பஸ் ஏறுற நமக்கு இதைத் தனியா விளக்கணுமா! தமிழ்ல படிச்சவன் தமிழ் ஊர்லயே இருப்பான், நோயாளிகிட்ட அவங்க மொழியிலயே பேசுவான்னு கிறீன் கணக்குப் போட்டார். தன் மாணவர்கள் கோட்டு, கால்சட்டைக்கு மாறுறதும் அவருக்குப் பிடிக்கல. மருத்துவம் படிச்சதுக்காக ஒருத்தன் தன் ஊர்க்காரன் மாதிரி இல்லாம போகணுமா என்பது அவர் வருத்தம்.

சரி, தமிழ்ல நடத்தணும்னா புத்தகம் எங்கே? அதையும் அவரே உருவாக்க வேண்டியிருந்தது. தமிழ் கத்துக்கிட்டு, தன் மாணவர்களையும் கூட்டு சேர்த்துக்கிட்டு 1850-கள்ல மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். பிரசவ வைத்தியத்துக்கு ஒரு நூல், அறுவை சிகிச்சைக்கு 1867ல இரண வைத்தியம், 1872ல மனுஷ அங்காதிபாதம், 1875ல கெமிஸ்தம். அந்த மனுஷ அங்காதிபாதம் வேற எதுவும் இல்லை, உலகம் முழுக்க மெடிக்கல் ஸ்டூடன்ட் தூக்கிச் சுமக்கிற கிரேயோட அனாட்டமிதான். லண்டன்ல அது முதல் பதிப்பு வந்தது 1858ல. பதினாலே வருஷத்துல தமிழுக்கு வந்துடுச்சு.

எம்.பி.பி.எஸ். படிக்கிற என் அக்கா சிலபஸை இதோட வச்சுப் பார்த்தேன். முதல் வருஷம் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. அப்புறம்தான் மெடிசின், சர்ஜரி, பிரசவம். பயோகெமிஸ்ட்ரிங்கிற பேர்ல தனிப் பாடம் அப்போ கிடையாது, வெறும் கெமிஸ்ட்ரி. மத்தபடி அவர் அலமாரியும் கிட்டத்தட்ட அதே பாடங்கள்தான். ஏதோ மருத்துவக் குறிப்பு எழுதினவர் இல்லை அவர், ஒரு முழு கோர்ஸையே கட்டியிருக்கார்.

கலைச்சொல்லுக்கு அவர் வச்சிருந்த முறை எளிமையானது. முதல்ல தமிழ்ல சொல் இருக்கான்னு பார்க்கணும். இல்லைன்னா சமஸ்கிருதம். அதுலயும் சரியா வரலைன்னா இங்கிலீஷ் சொல்லையே தமிழ் ஒலிக்கு வளைச்சுக்கணும். கெமிஸ்தம் அப்படி வந்ததுதான். கேட்டா சிரிப்பு வருது இல்ல? எனக்கும் வந்தது. ஆனா மாணவனுக்குப் புரிஞ்சா போதும்னு வேலையை நிறுத்தாம நகர்ந்திருக்கார். சொல் சுத்தமா கிடைக்கட்டும்னு காத்திருந்தா ஒரு புத்தகமும் வந்திருக்காது.

நடுவுல உடம்பு முடியாம அமெரிக்கா போய், கல்யாணம் பண்ணிக்கிட்டு 1862ல திரும்பி வந்தார். அதுக்கப்புறம்தான் வகுப்பு முழுசா தமிழுக்கு மாறினது. ரெண்டு கட்டத்துலயும் சேர்த்து அவர்கிட்ட படிச்சு டாக்டர் ஆனவங்க 60 பேருக்கு மேல. மொழிபெயர்ப்பு 4000 பக்கத்தைத் தாண்டும்.

இதுல எனக்கு உறுத்துற பகுதியும் இருக்கு. 1870ல கொழும்புல மருத்துவக் கல்லூரி தொடங்கினப்போ அது இங்கிலீஷ்ல. சென்னையில 1835லயே இங்கிலீஷ்தான். சர்க்கார் வேலையும் மதிப்பும் அங்கே இருக்கும்போது, தமிழ்ல படிச்ச டாக்டரை யார் பெருசா எடுத்துப்பாங்க? கிறீன் 1873ல ஊர் திரும்பினதுக்கு அப்புறம் மானிப்பாய் தமிழ் வகுப்பு ரொம்ப காலம் நீடிக்கல. அவர் கணக்குல தப்பில்லைன்னுதான் நான் நினைக்கிறேன், ஆனா ஒரு தனி ஆளால வேலைச் சந்தையை மாத்த முடியல. 2010ல அண்ணா யுனிவர்சிட்டி சிவில், மெக்கானிக்கல் ரெண்டையும் தமிழ்ல தொடங்கினப்போ, வேலை கிடைக்குமான்னு எல்லார் வீட்லயும் கேட்டதும் இதே கேள்விதான்.

கிறீன் மட்டும் நிறுத்தல. வூஸ்டர்ல உட்கார்ந்தும் தமிழ்லயே வேலை பார்த்தார். பிசியாலஜிக்கான மனுஷ சுகரணம் 1883ல வந்தது. அடுத்த வருஷம் மே மாசம் இறந்துட்டார். தன் கல்லறையில, தமிழருக்கு மருத்துவ ஊழியம் செஞ்சவர்னு பொறிக்கச் சொல்லியிருந்தார், அப்படியே பொறிச்சாங்க. மானிப்பாய் ஆஸ்பத்திரி இன்னைக்கும் அவர் பேர்லதான் இருக்கு.

நான் இப்போ அந்தத் தாத்தாவோட கேள்விக்கு ஒரு பக்கத்துல பதில் எழுதிட்டிருக்கேன். 'ஸ்லிப்' என்கிற வார்த்தையில மாட்டிக்கிட்டு நிக்குறேன். வழுக்கல்னு போட்டா சரியா வருமா? இ.இ.இ. மக்களே, நல்ல சொல் இருந்தா அனுப்புங்க. அடுத்த கேம்ப்புக்கு முன்னாடி வேணும்.