கந்தகம் தந்த வலிமை

கோடை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையிலும், குளிர் மிகுந்த மலைப்பாதையிலும் பேருந்தின் சக்கரங்கள் வடிவம் மாறாமல் உருள்கின்றன. டயரில் உள்ள இரப்பர் வெயிலில் உருகி ஒட்டுவதில்லை; குளிரில் கல்லாய் இறுகுவதுமில்லை. இரப்பருக்கு இவ்வியல்பை அளிக்கத் தம் வாழ்வையே ஈந்தவர் சார்லஸ் குட்இயர்.

இவர் 1800ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். தந்தையுடன் சேர்ந்து இரும்புப் பொருள் வணிகம் செய்தார். 1830ஆம் ஆண்டளவில் அவ்வணிகம் நொடித்தது. கடனைத் திருப்பித் தர இயலாதோரைச் சிறையில் அடைப்பது அக்கால வழக்கம். குட்இயரும் பலமுறை சிறை சென்றார்.

அந்நாளில் இரப்பர் மரத்தின் பாலிலிருந்து காலணிகளும் மழையுடைகளும் செய்தனர். அவை கோடையில் இளகி நாற்றம் வீசின. குளிர்காலத்தில் விறைத்து வெடித்தன. 1834இல் இக்குறையை அறிந்த குட்இயர், அதனைப் போக்கத் துணிந்தார். அவர் வேதியியல் பயின்றவர் அல்லர். இரப்பருடன் பலவகைப் பொடிகளைக் கலந்து பிசைந்து பார்த்தார். அஞ்சல் துறைக்காக அவர் செய்த பைகளும் வெப்பத்தில் இளகிச் சிதைந்தன.

குடும்பம் வறுமையில் வாடியது. வீட்டுப் பொருள்களை விற்றார். இறுதியில் தம் குழந்தைகளின் பாடநூல்களையும் விற்றார். அவருடைய பன்னிரண்டு குழந்தைகளுள் அறுவர் இளமையிலேயே இறந்தனர். அவரது விடாமுயற்சியின் சுமையைக் குடும்பமும் சேர்ந்தே சுமந்தது.

நதானியேல் ஹேவர்டு என்பவரிடமிருந்து இரப்பருடன் கந்தகம் கலக்கும் முறையை அவர் அறிந்திருந்தார். 1839இல் அக்கலவை தற்செயலாகச் சூடான அடுப்பின்மீது பட்டது. அது உருகவில்லை, தோல்போலக் கருகியது. கருகிய பகுதியின் ஓரத்தில் இரப்பர் உறுதியாகவும் நெகிழ்வாகவும் இருந்தது. பிறர் குப்பையென எறிந்திருக்கக்கூடிய அத்துண்டில், தாம் தேடிய விடையைக் குட்இயர் கண்டார். தக்க வெப்பத்தையும் அளவையும் கண்டறிய மேலும் சில ஆண்டுகள் உழைத்து, 1844இல் காப்புரிமை பெற்றார். இம்முறைக்கு வல்கனைசேஷன் என்று பெயர். இரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் பாலம்போல் இணைக்கிறது. அதனால் இழுத்தால் நீளும் இரப்பர், விட்டவுடன் பழைய நிலையை அடைகிறது.

புகழ் வந்தது, செல்வம் நிலைக்கவில்லை. பலர் அவரது முறையைக் களவாடினர். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவர் முந்திக்கொண்டு காப்புரிமை பெற்றார். 1860ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் குட்இயர் மறைந்தபோது, ஏறத்தாழ இரண்டு இலட்சம் டாலர் கடன் இருந்தது. 1898இல் தொடங்கப்பட்ட டயர் நிறுவனம் அவர் நினைவாகப் பெயரை மட்டுமே தாங்கியது. அவர் குடும்பத்தினருக்கு அதில் பங்கில்லை.

பிற்காலத்தில் ஆலைகளில் செயற்கை இரப்பர் உருவாயிற்று. இன்று டயரில் தரையைத் தொடும் மேற்பகுதிக்கு இருவகை இரப்பரையும் கலப்பதுண்டு. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் விளைகின்ற இயற்கை இரப்பர் எளிதில் கிழியாது. சுமையுடன் ஓடும்போது மிகுதியாகச் சூடேறாது. ஆகவே, சரக்குந்தின் டயரில் அதன் பங்கு மிகுதி. செயற்கை இரப்பர் தேய்மானத்தைத் தாங்கும். ஈரச் சாலையை நன்கு பற்றும். ஆகவே, மகிழுந்தின் டயரில் அதன் பங்கு மிகுதி. மரம் தந்ததையும் ஆலை தந்ததையும் ஒன்றாகப் பிணைப்பது, குட்இயர் அடுப்போரம் கண்ட அதே கந்தகமும் வெப்பமுமே ஆகும்.