இரும்புமலை கண்ட பிரமதநாதர்

வங்கநாட்டில் கோபர்தாங்கா என்னும் ஊரை அடுத்துள்ள கைப்பூர் ஒரு சிற்றூர். அவ்வூரில் 1855-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் பிரமதநாத போஸ் பிறந்தார். கிருஷ்ணநகரிலும் கல்கத்தாவிலும் பயின்றபின், 1874-ஆம் ஆண்டில் உதவிச் சம்பளம் பெற்று இலண்டன் மாநகர் சென்று, அங்குள்ள சுரங்கக் கல்லூரியில் நிலவியல் கற்றுத் தேறினார். தாயகம் திரும்பி, 1880-ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் அலுவலராக அமர்ந்தார். ஆங்கிலேயரே நிறைந்திருந்த அத்துறையில் உயர்பதவி பெற்ற இந்தியர் அந்நாளில் மிகச் சிலரே.

அத்துறையினர்க்கு ஆண்டு இருகூறுபட்டிருந்தது. மழை ஓய்ந்து பனி தொடங்கியதும் கூடாரம், சுத்தியல், திசைகாட்டி, நிலப்படம் ஆகியவற்றுடன் காடு புகுவர். பாறை எத்திசை நோக்கி ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்துள்ளது, எவ்விடத்தில் மண்ணுள் மறைகிறது என்பவற்றை அன்றன்றே குறித்துக்கொள்வர். உடைத்தெடுத்த கல்லுக்கு எண்ணிட்டு, எடுத்த இடத்தையும் எழுதிவைப்பர். கோடை முதிர்ந்ததும் கல்கத்தா திரும்பி, நிலப்படத்திற்கு வண்ணந் தீட்டி, அறிக்கை எழுதித் தலைவரிடம் அளிப்பர். கண்ணாற் கண்டது வேறு. கருதி உணர்ந்தது வேறு. இரண்டையும் மயங்க எழுதினால், அதனை நம்பிப் பின்வருவோர் வெறுங்குன்றைத் தோண்டிப் பொருளிழப்பர். ஆதலால் இவ்வெழுத்துப்பணி, மலை ஏறுவதினும் அரியது எனலாம்.

1887-ஆம் ஆண்டில் மத்திய மாகாணத்து ராய்ப்பூர் மாவட்டத்தின் மேற்பகுதியைப் பற்றிய பிரமதநாதரின் அறிக்கை துறையின் வெளியீட்டில் அச்சாயிற்று. ஆங்காங்குக் கரியிட்டு இரும்புருக்கி வாழ்ந்த எளிய மக்களின் தொழிலை அவர் புறக்கணியாது ஆராய்ந்தார். தல்லி, ராஜ்ஹரா என்னும் குன்றுகளில் உயர்ந்த இரும்புக்கல் மிகுதியாக உண்டு என்பதும் அவர் கண்டதே. ஆயினும் அவ்வறிக்கையை உடனே எடுத்துப் பயன்கொள்வார் இலர்.

அக்காலத்தில் ஜாம்ஷெட்ஜி டாட்டா நாட்டில் பெரியதோர் இரும்பாலை நிறுவப் பாடுபட்டு வந்தார். அவர்தம் மைந்தர் டோராப்ஜி, சாந்தா மாவட்டத்தில் தேடிச் சலித்து, முயற்சியைக் கைவிடுவதாகத் தெரிவிக்க நாகபுரிக்குச் சென்றார். அதிகாரியைக் காணக் காத்திருந்த வேளையில், எதிரே இருந்த பொருட்காட்சிச்சாலையுள் நுழைந்தார். அங்கு ஒரு நிலப்படம். துர்க் பகுதியில் இரும்பைக் காட்டும் வண்ணம் செறிந்திருந்தது! அவரும் வெல்டு என்னும் அமெரிக்க வல்லுநரும் அம்மலைகளை அடைந்தபோது, காலடிப் பாறை உலோகம் போல் ஒலித்தது. எனினும் நிலக்கரி தொலைவிலும் நீர் அரிதாகவும் இருந்தமையால் ஆலை அங்கு அமையவில்லை.

இதற்கிடையே பிரமதநாதருக்குத் துறையில் ஓர் இழிவு நேர்ந்தது. பத்தாண்டு பின்வந்த ஹாலந்து என்னும் ஆங்கிலேயர் 1903-ஆம் ஆண்டில் துறைத்தலைவர் ஆக்கப்பட்டார். மூத்தவரான பிரமதநாதர் பூசலிடாமல் பதவி துறந்தார். தம் தொழிலைத் துறந்தாரல்லர். மயூர்பஞ்சு மன்னரின் நாட்டில் நிலவியல் ஆய்வை மேற்கொண்டு, கோருமகிசானி மலையில் பேரளவான இரும்புக்கல் இருப்பதைக் கண்டார். வங்கத்து நிலக்கரி வயல்கள் அம்மலைக்கு நெடுந்தொலைவில் இல்லை. இதனை 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் ஜாம்ஷெட்ஜிக்குக் கடிதம் வாயிலாக அறிவித்தார். கடிதம் கண்ட ஜாம்ஷெட்ஜி மூன்று திங்களுள் மறைந்தார். மைந்தரோ தந்தையின் எண்ணத்தை விட்டாரில்லை. வல்லுநர் மலையேறி, கல்லைச் சோதித்து, பிரமதநாதர் அறிவித்தது உண்மையே எனத் தெளிந்தனர். 1907-ஆம் ஆண்டில் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி தோன்றியது. சுவர்ணரேகையும் கர்க்காயும் கூடுமிடத்தருகே, சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்தது. 1912-ஆம் ஆண்டில் அங்கு எஃகு வார்க்கப்பெற்றது. அச்சிற்றூரே இன்றைய ஜாம்ஷெட்பூர்.

பிரமதநாதர் வங்கத்தில் 1906-ஆம் ஆண்டில் தோன்றிய தொழிற்கல்வி நிலையத்திற்கு முதல்வராகவும் விளங்கினார். 1934-ஆம் ஆண்டில் ராஞ்சியில் காலமானார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1959-ஆம் ஆண்டில், பிலாய் எஃகு ஆலையின் முதல் ஊதுலை எரியத் தொடங்கியது. அதற்கு வேண்டிய இரும்புக்கல், அவர் தம் இளமையில் சுத்தியலுடன் ஏறியிறங்கிய ராஜ்ஹரா மலையிலிருந்து வந்தது.