முந்நூற்றறுபது சிலைகளுக்குரியவர்

கிரேக்கச் சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கிய நாள் முதலாக, மகா அலெக்சாந்தரினும் பார்க்க என் உள்ளத்தைக் கவர்ந்தவர் பலேரோன் ஊரினராகிய தெமேத்திரியஸ் என்பவரே. இவர் போர் வென்ற வீரரல்லர். முடி புனைந்த மன்னருமல்லர். ஆயினும் ஏதென்ஸ் என்னும் ஒரே நகரில் இவருக்கு 360 வெண்கலச் சிலைகள் எழுந்தன. 300 என்பாரும் உளர்.

ஏதென்சின் பழைய துறைமுகமாகிய பலேரோனிற் கி. மு. 350ஆம் ஆண்டளவிற் பிறந்த இவர், அரிஸ்தோத்திலின் மாணாக்கராகிய தியோபிராஸ்தசிடம் கல்வி பயின்றார். கி. மு. 317இல் மசிடோனியத் தலைவன் கசாந்தர் ஏதென்சைத் தன் அடிப்படுத்தி, அதன் ஆட்சியை இவரிடம் ஒப்புவித்தான். பத்தாண்டுகள் ஆண்டார். நகரில் அமைதி நிலவிற்று, வருவாய் பெருகிற்று. துறைமுகத்திலே மசிடோனியப் படை காவலிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

செல்வர் தம் கல்லறைகளுக்குப் பொருளை வாரியிறைத்தலைக் கண்டு, மூன்று முழத்துக்கு மேற்படாத சிறு தூண் போன்ற எளிய அடையாளங்களன்றி வேறெதுவும் அவற்றின்மேல் நாட்டலாகாதென இவர் சட்டமியற்றினார். ஏதென்சின் புகழ்பெற்ற கல்லறைச் சிற்பக்கலை அத்துடன் அற்றுப்போயிற்று. பிறர் கல்லுக்கு அளவு விதித்தவர் தம் வெண்கலத்துக்கு அளவு விதித்திலரே என்பதுதான் எனக்கு வியப்பு. ஒருகால் முகத்துதி செய்வோரைத் தடுக்க அவருக்கு மனம் வரவில்லைப் போலும்.

கி. மு. 394இற் கடற்போர் வென்ற கோனோனுக்கு, உயிரோடிருக்கும்போதே சிலை வைத்தமை அந்நகரில் அரிய பெருஞ்சிறப்பாகக் கருதப்பட்டது. வெண்கலச் சிலை செய்தலும் எளிதான காரியமன்று. நம் கோவிற் றிருமேனிகள் போலக் கனமாக வாராது, கிரேக்கர் உள்ளே வெறுமையாக வார்ப்பர். மெழுகில் உருவமைத்துக் களிமண் பூசிச் சூளையிலிட்டு, மெழுகு உருகியோடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவர்; தலை, கை, கால்களைத் தனித்தனியே வார்த்துப் பொருத்துவர்; கண்ணுக்குக் கல்லும், இதழுக்குச் செம்பும் பதிப்பர். இத்தகைய வேலையில் 360 உருவங்கள், அவற்றுட் பல குதிரைமேலும் தேர்மேலும் அமர்ந்தவை, 300 நாளுக்குள் முடிந்தனவாம்! கொல்லர் உலைகள் அணைந்திரா.

கி. மு. 307இல் அதே பெயருடைய மற்றொரு தெமேத்திரியஸ், கோட்டைகளை முற்றுகையிடுவதிற் பெயர்பெற்ற மசிடோனிய இளவரசன், கப்பற்படையோடு வந்திறங்கினான். நம்மவர் தீப்ஸ் நகருக்கு ஓடினார். மக்கள் சிலைகளைச் சாய்த்தனர், சிலவற்றை விற்றனர், சிலவற்றைக் கடலில் எறிந்தனர், சிலவற்றை உருக்கி இரவிற் சிறுநீர் கழிக்கும் கலங்களாக்கினர். அக்குரோப்போலிசில் இருந்த ஒன்றே தப்பியது. இன்று இவருடையதெனத் துணிந்து கூறத்தக்க சிலை ஒன்றேனும் இல்லை.

பின்னர் எகிப்து சென்று, முதலாந் தொலமியின் நண்பரானார். அரசியல் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்குமாறு அவனுக்கு அறிவுரை கூறினார். அலெக்சாந்திரியாவின் பெரு நூலகத்துக்கு வித்திட்டவர்களுள் இவரும் ஒருவர் என்பர். பட்டத்துரிமை பற்றி இவர் கூறிய யோசனை இரண்டாந் தொலமியின் பகையை விளைத்தது. நகர்நீங்கிக் காவலில் இருந்தபோது, உறக்கத்திற் பாம்பு தீண்டி இறந்தார் என்று சொல்லப்படுகிறது.

1971ஆம் ஆண்டில் ஏதென்சின் பழைய அங்காடிக் கிணறொன்றிலிருந்து, பொற்றகடு போர்த்த வெண்கலச் சிலையொன்றின் காலும் வாளும் வெளிவந்தன. குதிரைமேல் அமர்ந்த அவ்வுருவம், இவரைத் துரத்திய அந்தத் தெமேத்திரியசினுடையதென ஆய்வாளர் பலர் கொள்வர். கி. மு. 200இல் மசிடோனிய மன்னரின் சிலைகளை ஏதென்ஸ் மக்கள் அகற்றியபோது, அதுவும் உடைபட்டுக் கிணற்றில் வீழ்ந்தது போலும்.