டி. ஆர். சேஷாத்திரி

திருவேங்கட ராஜேந்திர சேஷாத்திரி (பெப்ரவரி 3, 1900 - செப்டெம்பர் 27, 1975) தமிழ்நாட்டில் பிறந்த வேதியியலாளர் ஆவார். பூ, பட்டை, விதை, கல்பாசி போன்ற இயற்கைப் பொருட்களில் கலந்திருக்கும் சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து, அவற்றின் அமைப்பைக் கண்டறிந்தவர். வடிகட்டல், கரைப்பான் கொண்டு பிரித்தல், படிகமாக்கல் என மாணவர் ஆய்வகத்தில் கற்பிக்கப்படும் எளிய முறைகளே இவரது பணிக்கு அடிப்படையாக இருந்தன.

பிறப்பும் கல்வியும்

சேஷாத்திரி, மேட்டூரைக் கடந்து கிழக்கே பாயும் காவிரியின் தென்கரையில், இன்றைய கரூர் மாவட்டத்திலுள்ள குளித்தலையில் பிறந்தார். 1917 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் பயின்றார். படிப்பைத் தொடர இராமகிருஷ்ண மடத்தின் உதவி இவருக்குக் கிடைத்தது. பின்னர் அதே கல்லூரியில் பி. பி. டே என்பவரிடம் ஆய்வு மாணவராக இருந்தார்.

1927 இல் சென்னை மாகாண அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து 1929 இல் முனைவர் பட்டம் பெற்றார். ராபின்சன் 1947 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அதன்பின் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஃபிரிட்ஸ் பிரகலிடம் நுண்பகுப்பாய்வு கற்றார். சில மில்லிகிராம் பொருளைக் கொண்டே அதிலுள்ள கார்பன், ஹைட்ரஜன் அளவுகளைக் கணக்கிடும் முறை இது. தாவரச் சாற்றிலிருந்து பல நாள் உழைத்துப் பிரித்தாலும் மிகச் சிறிதளவே தூய பொருள் கிடைக்கும் என்பதால், இப்பயிற்சி இவருக்குப் பிற்காலத்தில் பெரிதும் பயன்பட்டது.

ஆந்திரப் பல்கலைக்கழகம்

நாடு திரும்பிய சேஷாத்திரி, கோயம்புத்தூர் வேளாண் ஆய்வு நிலையத்தில் சிலகாலம் பணிபுரிந்தார். 1934 இல் வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறைப் பொறுப்பை ஏற்றார். துறையில் வசதிகள் குறைவு. எனவே அருகில் எளிதில் கிடைக்கும் செடிகொடிகளையே ஆய்வுப் பொருளாகக் கொண்டார்.

அக்காலத்தில் பூ நிறமிகளைப் பிரித்த முறை பின்வருமாறு: உலர்ந்த இதழ்களைச் சூடான ஆல்ககாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பர். ஆல்ககாலை ஆவியாக்கியபின், பெட்ரோலிய ஈதர் சேர்த்துக் குலுக்கி மெழுகையும் கொழுப்பையும் நீக்குவர். எஞ்சிய கரைசலில் காரீய அசிட்டேட் சேர்த்தால் சில நிறமிகள் வீழ்படிவாகும். வேறு சில கரைசலிலேயே தங்கிவிடும். வீழ்படிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கொண்டு காரீயத்தை அகற்றி, நிறமியைத் திரும்பத் திரும்பப் படிகமாக்குவர். உருகுநிலை மாறாமல் நிற்கும்போதே பொருள் தூயது எனக் கொள்ளப்படும். சிறு கலப்பு எஞ்சியிருந்தாலும் பகுப்பாய்வு எண்கள் பிழைபட்டு, அமைப்பும் தவறாகிவிடும்.

பருத்திப் பூக்களின் மஞ்சள் நிறமிகளை ஏ. ஜி. பெர்க்கின் முன்னரே ஆராய்ந்திருந்தார். சேஷாத்திரியும் கே. நீலகண்டமும் 1930களில் இந்தியப் பருத்திப் பூக்களை மீண்டும் ஆராய்ந்து, ஹெர்பாசெட்டின் என்னும் புதிய நிறமியைக் கண்டறிந்தனர். புங்க எண்ணெயிலிருந்து பொங்கமோல் என்னும் சேர்மமும் இவரது குழுவினரால் பிரிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது பல்கலைக்கழக வளாகத்தை இராணுவம் எடுத்துக்கொண்டது. சேஷாத்திரி தம் துறையுடன் குண்டூருக்கும் பின்னர் சென்னைக்கும் இடம்பெயர நேர்ந்தது. இத்தகைய சூழலிலும் ஆய்வுகள் தொடர்ந்தன. போர் முடிந்தபின் துறை வால்டேருக்குத் திரும்பியது.

தில்லியில்

1949 இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். ரஷ்யரான மிகயில் சுவெட் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலை நிறமிகளைப் பிரிக்கக் கண்டறிந்த வண்ணப்பிரிகை முறை, 1944 இல் தாளில் செய்யத்தக்க எளிய வடிவம் பெற்றிருந்தது. வீழ்படிவாக்கிப் பிரிக்க முடியாத நெருங்கிய சேர்மங்களையும் இம்முறையால் வேறுபடுத்திக் காண முடிந்தது. செஞ்சந்தன மரத்தின் சிவப்பு நிறமிகளான சாண்டலின்களின் அமைப்பு பற்றிய ஆய்வு இவரது இறுதிக்காலப் பணிகளுள் ஒன்றாகும். 1965 இல் ஓய்வு பெற்ற பின்னும் தகைசால் பேராசிரியராக ஆய்வைத் தொடர்ந்தார்.

சிறப்புகள்

1960 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். 1963 இல் பத்ம பூசண் விருது பெற்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் இவர் பெயரில் வெளிவந்துள்ளன. இவரிடம் 150க்கும் மேற்பட்டோர் முனைவர் பட்டம் பெற்றனர். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத ஆய்வகத்திலும், பிரிபுனலும் வடிதாளும் பொறுமையும் இருந்தால் புதியன கண்டறியலாம் என்பதற்கு இவரது வால்டேர் ஆண்டுகள் சான்றாக உள்ளன.